கேட்க ஆளில்லாத கடன்

நல்ல நாவல் ஒன்றைத் தழுவி எடுத்த படத்தைப் பார்த்துவிட்டுக் கொட்டகையை விட்டு வெளியே வருகிறவர்களில், நாவலைப் படித்தவர் யார், படிக்காதவர் யார் என்று கண்டுபிடிப்பது சுலபம். படிக்காதவர் கதாநாயகியைப் பற்றிப் பேசிக்கொண்டு வருவார். படித்தவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு, “என்ன இருந்தாலும் புத்தகம் மாதிரி இல்லை” என்பார். அப்படிச் சொல்வதில் அவருக்கு ஒரு தனித் திருப்தியும் உண்டு. ஆனால் அவரைக் கொஞ்சம் நிறுத்தி, “எந்த விஷயத்தில் புத்தகம் மாதிரி இல்லை?” என்று கேட்டுப் பாருங்கள். அந்த அத்தையைக் காணோம், ஆற்றங்கரைக் காட்சியைக் காணோம், கதாநாயகன் இவ்வளவு குள்ளமாக இருக்கக் கூடாது என்று சில்லறைக் குறைகளாகவே அடுக்கிக்கொண்டு போவார்.

இந்தச் சில்லறைக் குறைகளுக்காக எந்த நாவலையும் மறுபடி படமாக எடுக்க வேண்டிய அவசியமில்லை. விக்டர் ஹ்யூகோ 1862-ம் ஆண்டில் வெளியிட்ட ‘லே மிஸராப்ளே’ நாவலில் 365 அத்தியாயங்கள் இருக்கின்றன. நாளுக்கு ஒன்றாகப் படித்தால் முழுசாக ஒரு வருஷம் பிடிக்கும். அதை மூன்று மணி நேரத்துக்குள் அடக்க முயல்கிறவர் வெட்டத்தான் வேண்டும். வெட்டுவது மட்டுமல்ல, நாட்டையே மாற்றினாலும் பாதகமில்லை. அதே நாவலைச் சுத்தானந்த பாரதியார் ‘ஏழை படும் பாடு’ என்று தமிழில் தந்தார். 1950-ல் கே. ராம்நாத்தின் டைரக்‌ஷனில் அது அதே பெயரில் படமாகவும் வந்தது. நாகையா கதாநாயகனாக நடித்தார். அவரை விடாமல் துரத்தும் போலீஸ் அதிகாரியாக நடித்த சீதாராமன், அந்தப் பாத்திரத்தின் பெயரையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்டு ஆயுள் முழுவதும் ‘ஜாவர்’ சீதாராமனாகவே இருந்தார். பிரெஞ்சுக் கதை தமிழ் பேசியது. ஆனால் திருடனை மன்னிப்பது எப்படி, மன்னிக்கத் தெரியாத சட்டம் கடைசியில் என்ன ஆகும் என்ற கேள்வி, கேள்வியாகவே இருந்தது. ஊரும் பேரும் உடையும் நாவலின் சட்டை. சட்டையை மாற்றுவதால் ஆள் மாறிவிடுவதில்லை.

அப்படியானால் கதையின் முடிவை மாற்றலாமா? இதற்குச் சட்டென்று ‘கூடாது’ என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் டிக்கன்ஸே அதைச் செய்திருக்கிறார். 1861-ல் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாவலுக்கு அவர் முதலில் எழுதிய முடிவில் பிப்பும் எஸ்டெல்லாவும் பிரிந்தே போகிறார்கள். அச்சுக்குப் போகும் நேரத்தில் அதைப் படித்த நண்பர் புல்வர் லிட்டன், அவரும் ஒரு நாவலாசிரியர், வேறு முடிவு வைக்கும்படி யோசனை சொன்னார். டிக்கன்ஸ் கேட்டுக்கொண்டார். இருவரும் இனிப் பிரிய மாட்டார்கள் என்று நினைத்துக்கொள்ள இடம் வைத்து வேறு முடிவு எழுதினார். இரண்டு முடிவுகளும் இன்று நமக்குக் கிடைக்கின்றன. இரண்டில் எதைப் படித்தாலும் ஒன்று மட்டும் மாறவில்லை. வளர்த்த கொல்லரைக் கண்டு கூச்சப்பட்ட பிப், தன்னைக் கனவானாக்கிய பணம் நாடு கடத்தப்பட்ட ஒரு கைதி ஆடு மேய்த்துச் சம்பாதித்த பணம் என்று அறிகிறானே, அந்த இடம் மாறவில்லை. யாருடைய உழைப்பில் நீ கனவானாக இருக்கிறாய் என்ற கேள்வி, கல்யாணத்தில் முடிந்தாலும் பிரிவில் முடிந்தாலும் நம்மை விட்டு நகர்வதில்லை.

ஆகவே மாற்றக் கூடாதது ஊரும் அல்ல, உடையும் அல்ல, முடிவுங்கூட அல்ல. பெரிய நாவல் ஒவ்வொன்றும் வாசகனுக்கு முன் ஒரு கணக்கை நீட்டுகிறது. யார் யாருக்கு என்ன பாக்கி என்கிற கணக்கு. அந்தக் கணக்கை மாற்றி எழுதுவதுதான் பிழை. அப்படி மாற்றி எழுதப்பட்ட நாவல்களே மீண்டும் படமாக வேண்டிய தகுதி உடையவை என்பது என் கட்சி.

பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவலாசிரியர்கள் நீட்டிய கணக்குகளில் ஒரு வினோதமான ஒற்றுமை உண்டு. கடன் கொடுத்தவன் இறந்து போனான்; பத்திரத்தைக் கரையான் அரித்துவிட்டது; சாட்சி சொல்ல ஆள் இல்லை; கோர்ட்டுக்குப் போக வாரிசும் இல்லை. இனி அந்தப் பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா, வேண்டாமா? கேட்க ஆள் இருக்கும் கடனைக் கட்டுவதில் பெருமை ஒன்றுமில்லை. அது பயத்தாலும் நடக்கும். கேட்க ஆளில்லாத கடன்தான் மனிதனை உரைத்துப் பார்க்கும் கல். இங்கிலாந்திலும் பிரான்ஸிலும் ருஷ்யாவிலும் வெவ்வேறு காலத்தில் எழுதிய பெரியவர்கள் திரும்பத் திரும்ப இந்தக் கல்லில்தான் தங்கள் பாத்திரங்களை உரைத்தார்கள். மூன்று நீதிமன்றங்களையும் ஒரு நோயாளியின் அறையையும் உதாரணமாகச் சொல்கிறேன்.

முதல் நீதிமன்றம் ஜெனிவாவில் இருக்கிறது. மேரி ஷெல்லி பதினெட்டு வயதில் எழுதத் தொடங்கி 1818-ல் வெளியிட்ட ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலில் வருவது. விஞ்ஞானி விக்டர் உயிர் கொடுத்து, பின் அருவருப்படைந்து கைவிட்ட அந்தப் பிறவி, விக்டரின் சின்னத் தம்பியைக் கொன்றுவிடுகிறது. பழி, வீட்டில் வளர்ந்த ஜஸ்டின் என்ற பெண்ணின் மேல் விழுகிறது. அவள் நிரபராதி என்பது விக்டருக்குத் தெரியும். சொன்னால் பைத்தியக்காரன் என்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறான். ஜஸ்டின் தூக்கில் தொங்குகிறாள். விக்டரை அந்த மன்றத்தில் யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நாவலின் உண்மையான பயங்கரம் இதுதான். பூதத்தைப் பார்த்து வரும் பயம் இதற்கு அடுத்தபடிதான்.

1931-ல் ஜேம்ஸ் வேல் எடுத்த புகழ்பெற்ற படத்தில் ஜஸ்டினே கிடையாது. அது மட்டுமல்ல. விஞ்ஞானியின் வேலைக்காரன் நல்ல மூளை இருந்த ஜாடியைக் கை தவறிக் கீழே போட்டுவிட்டு, குற்றவாளியின் மூளையை எடுத்து வந்துவிடுகிறான். அதனால்தான் அந்தப் பிறவி கொலை செய்கிறது என்று ஆகிவிடுகிறது. நாவலில் அப்படி ஒரு ஜாடியும் இல்லை, மூளையும் இல்லை. நாவலில் அது பேசும். மில்டனையும் புளூட்டார்க்கையும் படிக்கும். ஒரு குடிசையின் சுவருக்குப் பின்னால் ஒளிந்திருந்து அன்பு என்றால் என்ன என்று கற்றுக்கொள்ளும். எல்லோரும் அடித்து விரட்டிய பிறகே அது கெட்டுப் போகிறது. படத்திலோ அது ஊமை. கைவிட்டவனின் குற்றம் ஒரு கண்ணாடி ஜாடியின் குற்றமாகிவிட்டது. பிள்ளையைப் பெற்றுத் தெருவில் விட்டவனைப் பார்த்து, “உன் மேல் தப்பில்லை, பிள்ளையின் ஜாதகம் அப்படி” என்று சொல்வது போன்ற காரியம் இது.

2025-ல் கில்யெர்மோ டெல் டோரோ எடுத்த படம் அந்தப் பிறவிக்குப் பேச்சைத் திருப்பிக் கொடுத்தது. தகப்பன் மகன் கணக்காகவே கதையைப் பார்த்தது. அந்த அளவில் பழைய பாக்கியில் பெரும் பகுதி தீர்ந்தது என்று சொல்லலாம். ஆனால் அதில் விக்டர் சாகும்போது மன்னிப்புக் கேட்கிறான், மன்னிப்பும் கிடைக்கிறது. மேரி ஷெல்லியின் விக்டர், தன் நடத்தையைத் திரும்பிப் பார்த்து, தன் மேல் குற்றமில்லை என்று முடிவு கட்டிக்கொண்டே சாகிறான். அழுவது அவன் அல்ல, அவன் படைத்ததுதான். மன்னிப்புக் கேட்கும் விக்டரைப் பார்த்து நாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். கேட்காத விக்டர் நம்மோடு வீட்டுக்கு வந்துவிடுவான். அந்த விக்டருக்கும் ஜஸ்டினுக்கும் இன்னும் ஒரு படம் பாக்கி இருக்கிறது.

இரண்டாவது நீதிமன்றம் பிரான்ஸில், அராஸ் என்ற ஊரில். ஹ்யூகோவின் ழான் வல்ழான் அப்போது பெயரை மாற்றிக்கொண்டு வேறோர் ஊரில் மேயராக இருக்கிறான். அவன் தொழிற்சாலையால் அந்த ஊரே பிழைக்கிறது. அந்த நேரத்தில், ஆப்பிள் திருடியதாகப் பிடிபட்ட ஷான்மாத்தியூ என்ற ஒரு கிழவனைப் பார்த்து, “இவன்தான் ழான் வல்ழான்” என்று பழைய கைதிகள் சாட்சி சொல்கிறார்கள். அவனுக்கு ஆயுள் தண்டனை நிச்சயம். மேயர் சும்மா இருந்தால் போதும். பழைய பெயர் அந்தக் கிழவனோடு சிறைக்குப் போய்விடும். இரவு முழுவதும் அறையில் நடக்கிறான். தான் போய்விட்டால் தொழிற்சாலை என்ன ஆகும், ஊர் என்ன ஆகும், நோயில் கிடக்கும் ஏழைப் பெண் ஃபான்தின் என்ன ஆவாள்? இவை வெறும் சாக்குகள் அல்ல, உண்மையான காரணங்கள். அவன் போன பிறகு ஊர் நிஜமாகவே நொடித்துப் போகிறது. விடிவதற்கு முன்பே புறப்படுகிறான். வழியில் வண்டிச் சக்கரம் உடைகிறது. வேறு வண்டி கிடையாது என்கிறார்கள். அப்போது அவனுக்கு எப்படிப்பட்ட சந்தோஷம்! “நான் முயன்றேன், விதி தடுத்துவிட்டது.” அந்தச் சமயம் பார்த்து ஒரு கிழவி வந்து, தன்னிடம் பழைய வண்டி ஒன்று இருக்கிறது என்கிறாள்.

அந்தக் கிழவியை நான் உலக இலக்கியத்தின் பெரிய பாத்திரங்களில் ஒருத்தியாக எண்ணுகிறேன். நம்மில் எத்தனை பேருடைய நேர்மை, வண்டிச் சக்கரம் உடைந்ததோடு நின்று போயிருக்கிறது! கிழவி வராததால் நாம் நல்லவர்களாகவே மிஞ்சினோம். அராஸ் மன்றத்தில் மேயருக்கு மரியாதையாக நீதிபதிக்குப் பின்னால் ஆசனம் போடுகிறார்கள். அந்த ஆசனத்திலிருந்து எழுந்து, “நான்தான் அவன்” என்கிறான். யாரும் கேட்காமல்.

இந்த நாவலைப் பல நாடுகளில் பல முறை படமாக எடுத்துவிட்டார்கள். இனி எதற்கு என்று கேட்கலாம். துரத்தலையும் கலகத்தையும் சாக்கடைச் சுரங்கத்தையும் நன்றாகத்தான் எடுத்திருக்கிறார்கள். 2012-ல் வந்த இசைப் படத்தில் இந்த இரவு ஒரு பாட்டுக்குள் கடந்துவிடுகிறது. அந்த இரவையும் மறுநாள் பயணத்தையும் மட்டுமே இரண்டு மணி நேரப் படமாக எடுக்கலாம். ஓர் அறை, ஓர் உடைந்த சக்கரம், ஒரு கிழவி, ஒரு நீதிமன்றம். செலவும் குறைவு.

மூன்றாவது நீதிமன்றம் ருஷ்யாவில். டால்ஸ்டாய் 1899-ல் வெளியிட்ட ‘புத்துயிர்ப்பு’. ராணுவ சேவை செய்ய மறுத்துத் துன்பப்பட்ட டூகபோர் என்ற மதப் பிரிவினர் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் கனடாவுக்குக் குடியேற வேண்டியிருந்தது. அதற்குப் பணம் திரட்டுவதற்காகவே, தம் புத்தகங்களுக்கு உரிமைத் தொகை வாங்குவதை விட்டிருந்த கிழவர் இந்த ஒன்றுக்கு மட்டும் வாங்கினார். அவரை எவரும் கடனாளி என்று சொல்லவில்லை. அவராகவே கடன் என்று எண்ணிக்கொண்டார். அப்படிப் பிறந்த நாவல் இது.

பிரபு நெஹ்லூதவ் ஜூரிகளில் ஒருவனாக உட்கார்ந்திருக்கிறான். எதிரே, ஒரு வியாபாரிக்கு விஷம் கொடுத்ததாகக் கைதிக் கூண்டில் நிற்கும் தாசியை அவனுக்கு அடையாளம் தெரிகிறது. பல வருஷங்களுக்கு முன்னால் தன் அத்தைகளின் வீட்டில் வேலை செய்த கத்யூஷா. அவளைக் கெடுத்து, கையில் ஒரு நூறு ரூபிள் நோட்டைத் திணித்துவிட்டுப் போனவன் அவன். அந்த மன்றத்தில் இது யாருக்கும் தெரியாது. நியாயம் வழங்கும் பெஞ்சியில் உட்கார்ந்திருக்கிறான் உண்மைக் குற்றவாளி. இதோடு டால்ஸ்டாய் நிறுத்தவில்லை. கத்யூஷாவுக்குக் கொல்லும் எண்ணம் இருந்ததாக ஜூரிகள் நினைக்கவே இல்லை. ஆனால் களைப்பில், தீர்ப்பு எழுதும்போது ‘உயிரைப் போக்கும் நோக்கமின்றி’ என்ற ஒரு தொடரைச் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். தலைமை நீதிபதிக்கோ வேறோர் இடத்தில் ஒரு பெண்ணைச் சந்திக்கும் அவசரம். அந்த ஒரு தொடர் விட்டுப் போனதால் அவளுக்கு நான்கு வருஷம் சைபீரியாவில் கடுங்காவல். வில்லன் யாரும் இல்லை. சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்ட சில சாதாரண மனிதர்கள் மட்டும் இருந்தார்கள்.

நெஹ்லூதவ் மனம் மாறுகிறான். நிலத்தை விடுகிறான். அவளைக் கல்யாணம் செய்துகொண்டு பிராயச்சித்தம் தேட நினைக்கிறான். இங்கேதான் டால்ஸ்டாய் யாரும் எதிர்பாராத இடத்தில் அடிக்கிறார். கத்யூஷா மறுத்துவிடுகிறாள். அன்று என் உடம்பை உன் சுகத்துக்கு ஆக்கிக்கொண்டாய், இன்று என் துன்பத்தை உன் மோட்சத்துக்கு ஆக்கிக்கொள்ளப் பார்க்கிறாயா என்பது அவள் கோபத்தின் பொருள். கடைசியில் சைபீரியா வழியில் சிமன்ஸன் என்ற அரசியல் கைதியோடு வாழ முடிவு செய்கிறாள். கடனைத் திருப்பிச் செலுத்துவதும் ஒரு சுயநலமாக ஆகிவிடக்கூடும். கடன்காரன் தன் நிம்மதிக்காக அல்ல, கடன் என்பதற்காகவே கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டு ரசீதையும் எதிர்பார்க்கக் கூடாது. இதைவிடக் கடினமான தர்மத்தை நான் எந்த நாவலிலும் படித்ததில்லை.

1934-ல் ரூபன் மமூலியன் இதை ஹாலிவுட்டில் படமாக எடுத்தபோது, பிரபுவும் கத்யூஷாவும் ஒன்றாகச் சைபீரியாவுக்குப் போவதாக முடித்தார். ரசீது கிடைத்துவிட்டது! மிகையில் ஷ்வைட்ஸர் 1960-களின் தொடக்கத்தில் சோவியத் நாட்டில் இரண்டு பாகங்களாக எடுத்த படம் நாவலுக்கு எவ்வளவோ நெருக்கமானது. ஆனால் அதற்குப் பிறகு அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. களைப்பில் ஒரு தொடர் விட்டுப் போவதால் ஒருவர் வாழ்க்கை அழிவது ருஷ்யாவோடும் ஜார் மன்னரோடும் முடிந்துபோன விஷயம் அல்லவே.

இனி அந்த நோயாளியின் அறை. மேரி ஆன் எவன்ஸ் என்ற அம்மையார் ஜார்ஜ் எலியட் என்ற ஆண் பெயரில் 1871, 72-ம் ஆண்டுகளில் எழுதிய ‘மிடில்மார்ச்’. ஊரில் பெரிய பக்திமானான பேங்கர் புல்ஸ்ட்ரோடின் பழைய மோசடியை அறிந்த குடிகாரன் ராஃபிள்ஸ் நோயாளியாக அவர் பொறுப்பில் வந்து கிடக்கிறான். மது ஒரு துளி கொடுக்கக் கூடாது என்பது டாக்டர் லிட்கேட்டின் உத்தரவு. அதே டாக்டருக்கு அந்தச் சமயத்தில் ஆயிரம் பவுன் கடன் கொடுத்து உதவியவரும் புல்ஸ்ட்ரோடுதான். நடு இரவில் வீட்டு வேலைக்காரி வந்து, நோயாளி துவண்டு போகிறான், கொஞ்சம் பிராந்தி கொடுக்கலாமா என்கிறாள். டாக்டரின் உத்தரவு அவளுக்குத் தெரியாது. புல்ஸ்ட்ரோட் சிறிது நேரம் பேசாமல் இருக்கிறார். பிறகு சாவியை எடுத்துக் கொடுக்கிறார். விடிந்தபின் ராஃபிள்ஸ் இறந்து போகிறான்.

இது கொலையா? எந்தச் சட்டப் புத்தகமும் இதைக் கொலை என்று ருசுப்பிக்காது. ஒரு கை ஒரு சாவியை நீட்டியது, அவ்வளவுதான். மனசுக்குள் நடப்பதைப் படத்தில் காட்ட முடியாது என்று சொல்கிறவர்கள் இந்தச் சாவியை நினைத்துப் பார்க்க வேண்டும். இந்தக் காட்சிக்கு ஜார்ஜ் எலியட்டுக்குப் பல பக்கங்கள் தேவைப்பட்டன. நல்ல டைரக்டருக்கு ஒரு கையும் ஒரு சாவியும் ஒரு நிமிஷ மௌனமும் போதும்.

பிறகு விஷயம் ஊருக்குத் தெரிகிறது, புல்ஸ்ட்ரோட் தலைகுனிகிறார். அவர் மனைவி ஹாரியட், நகைநட்டுகளை விரும்பி அணிகிற சாதாரணப் பெண்மணி. கணவனின் குற்றத்தில் அவளுக்குப் பங்கில்லை. பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுது தீர்க்கிறாள். நகைகளைக் கழற்றி வைக்கிறாள். எளிய கறுப்பு உடை ஒன்றை உடுத்திக்கொண்டு கீழே இறங்கி வந்து கணவன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள். அவமானத்தில் தனக்கு உரிய பாதியைக் கேளாமலே வாங்கிக்கொள்ள வந்தவள் அவள். கேட்க ஆளில்லாத கடனைச் செலுத்துவது மேயர்களும் பிரபுக்களும் மட்டும் செய்யக்கூடிய மகா காரியம் அல்ல என்பதற்கு ஹாரியட் போதும். பி.பி.சி. இந்த நாவலை 1994-ல் தொலைக்காட்சித் தொடராக நன்றாகவே எடுத்தது. ஆனால் பெரிய திரை இதன் பக்கம் போகத் தயங்கியே வந்திருக்கிறது. வில்லன் இல்லாத கதை என்றால் தயாரிப்பாளர்களுக்குப் பயம்.

அந்தப் பயத்தையும் நாம் கேலி செய்துவிடக் கூடாது. படம் எடுப்பவர் பணம் போடுகிறார். ஜனங்கள் எதை விரும்புகிறார்களோ அதைத்தான் கொடுக்க முடியும் என்கிறார். 1927-ல் எம்.ஜி.எம். கம்பெனி ‘அன்னா கரீனினா’வை கிரேட்டா கார்போவை வைத்து எடுத்தபோது இரண்டு முடிவுகளைத் தயாரித்தது. ஒன்றில் அன்னா இறக்கிறாள். இன்னொன்றில், கணவன் இறந்துவிட, அன்னாவும் விரோன்ஸ்கியும் ஒன்று சேர்கிறார்கள். அமெரிக்கக் கொட்டகைக்காரர்கள் வேண்டியதைப் பொறுக்கிக்கொள்ளலாம்! டிக்கன்ஸ் மாற்றியதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பீர்கள். டிக்கன்ஸ் மாற்றிய பிறகும் பிப்பின் பாக்கி அப்படியே நின்றது. இங்கே ஒரு கணவனைச் சாகடித்ததன் மூலம், அன்னாவைத் தண்டவாளம் வரை துரத்திய சமூகத்தின் பாக்கி முழுவதும் தள்ளுபடியாகிவிட்டது. காதலனை வரவேற்று, காதலியைக் கதவடைத்து விரட்டிய அந்தப் பெரிய மனிதர்கள் எல்லாரும் நிரபராதிகள் ஆகிவிட்டார்கள்.

ஆனால் கதையின் மிச்சத்தையும் கேளுங்கள். எட்டு வருஷம் கழித்து, 1935-ல், அதே கம்பெனி, அதே கார்போவை வைத்து, அதே நாவலை மறுபடி எடுத்தது. இந்த முறை அன்னா ரயிலின் முன் விழுந்தாள். யாரும் வழக்குப் போட்டு அவர்களை அப்படி எடுக்கச் செய்யவில்லை. மறுபடி படமாக எடுப்பது பாக்கியைத் தீர்க்கும் ஒரு வழி என்பதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி வேண்டியதில்லை. ஜனங்கள் உண்மையைத் தாங்க மாட்டார்கள் என்பதும் நிரூபிக்கப்பட்ட விஷயம் அல்ல. மயானத்தில் பிள்ளையைச் சுமந்து நின்ற சந்திரமதியிடம் காசு கேட்ட அரிச்சந்திரனை, விடிய விடியக் கூத்துக் கொட்டகையில் உட்கார்ந்து பார்த்தவர்கள் நம் ஜனங்கள். அவர்கள் தாங்கிக்கொள்ள மாட்டார்கள் என்று தீர்மானித்தது யார்?

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வரலாம். ஹ்யூகோவும் டால்ஸ்டாயும் ஜார்ஜ் எலியட்டும் மேரி ஷெல்லியும் இறந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. பதிப்புரிமையும் முடிந்துவிட்டது. இந்த நாவல்கள் ஊர்ப் பொதுக் குளம் மாதிரி. யார் வேண்டுமானாலும் இறங்கி மொண்டுகொள்ளலாம், காசு கொடுக்க வேண்டாம். ஆனால் பொதுக் குளம் என்பதால் அதில் அழுக்கைக் கரைத்துவிட்டுப் போகலாம் என்று எந்த ஊரிலும் சொல்ல மாட்டார்கள். காவல்காரன் இருக்கும் கிணற்றைவிட, காவல் இல்லாத குளத்தில்தான் ஊரின் யோக்கியதை தெரியும். டால்ஸ்டாய் வந்து கத்யூஷாவுக்காக வழக்காடப் போவதில்லை. மேரி ஷெல்லி வந்து, என் ஜஸ்டினை எங்கே என்று கேட்கப் போவதில்லை. ஆகவே படம் எடுப்பவருக்கும் நாவலாசிரியருக்கும் இடையில் இருப்பதும் கேட்க ஆளில்லாத கடன்தான். நாவலுக்குள்ளே விக்டருக்கும் மேயருக்கும் நெஹ்லூதவுக்கும் வந்த அதே சோதனை, நாவலைக் கையில் எடுத்த அந்தக் கணத்திலேயே டைரக்டருக்கும் வந்துவிடுகிறது. சும்மா இருந்தால் தப்பித்துக்கொள்ளலாம். ஒரு வில்லனைச் சேர்த்துவிட்டால் போதும். ஒரு கல்யாணத்தை முடித்து வைத்தால் போதும்.

நானும் கதை எழுதுகிறவன் என்பதால் எழுத்தாளன் பக்கம் சாய்ந்து பேசுவதாக நீங்கள் நினைக்கலாம். அப்படி இல்லை. எழுத்தாளனின் வாக்கியம் புனிதமானது என்று நான் சொல்லவில்லை; வாக்கியங்கள் போகட்டும். அவன் செத்த பிறகும் அவன் நீட்டிய கணக்கு உயிரோடிருக்கிறது. அந்தக் கணக்கில் பாக்கிதாரராக எழுதப்பட்டிருப்பவர் பார்க்கிறவர்களாகிய நாம். அதை அழிக்கும்போது எழுத்தாளனுக்கு நஷ்டமில்லை. நம்மிடமிருந்துதான் ஒன்று பறிக்கப்படுகிறது. தன் பாக்கி என்ன என்று தெரிந்துகொள்ளும் உரிமையும் மனிதனுக்கு ஓர் உரிமைதானே?

எந்த நாவலை முதலில் எடுக்கலாம் என்று யாராவது என்னிடம் யோசனை கேட்டால், ‘புத்துயிர்ப்பு’ என்றுதான் சொல்வேன். பனியும் சங்கிலியும் சைபீரியாவும் அதில் போதிய அளவு இருக்கின்றன. படத்துக்கு அழகு சேர்க்கும். ஆனால் ஒரே ஒரு நிபந்தனை. கத்யூஷா கடைசியில் நெஹ்லூதவை மறுத்துவிட்டுத் திரும்பி நடக்க வேண்டும். அவன் அங்கேயே நிற்க வேண்டும், கையில் ரசீது இல்லாமல்.